மாரிக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாக்கி அணிக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. நான் கை தட்டினேன்.

தெரியாமல் தட்டவில்லை. எது யாருடைய கோல் என்று குழம்பவும் இல்லை. எங்கள் கமிட்டிக்கென்று போட்ட ஷாமியானாவின் கீழ், முதல் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, கழுத்தில் கமிட்டி பேட்ஜோடு எழுந்து நின்று தட்டினேன்.

அந்தக் கோலோடு நாங்கள் லீக்கின் முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டோம்.

கிளப் தலைவர் அண்ணாச்சி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு வரி வந்தது: ‘கை தட்டியதற்குக் காரணம் எழுத்து மூலமாகத் தரவும்.’

எழுதுவதற்குத்தான் எனக்கு வாராவாரம் இந்தப் பத்திரிகையில் ஓர் இடம் இருக்கிறதே… தனியாக எதற்கு ஒரு பேப்பரை வீணாக்க வேண்டும்? இந்தாருங்கள், காரணம்.

எனக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீஸ் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஹாக்கி கிளப்பில் எனக்கு என்ன வேலை? எங்களுடையது பெண்கள் அணி. பெண்கள் அணி என்றால் கமிட்டியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னைப் போட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அத்தனை பேரும் கடைக்காரர்கள். பாத்திரக்கடை, பலசரக்கு, இரும்பு, ரெடிமேட்.

கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. என் அப்பாவும் கடைக்காரர்தான். ஆனால் கடைக்காரர்கள் ஒரு அணியைப் பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அணி தெரியாது. ஸ்டாக் தெரியும். எது ஓடுகிற சரக்கு, எது தேங்குகிற சரக்கு… அவ்வளவுதான்.

நாங்கள் சில வருடங்களாகவே கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தோம். கடைசி இடம் என்றால் இறங்க வேண்டும். முந்தின இடம் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். நாங்கள் பிழைத்தது பெனால்டி கார்னரால்.

ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். பெனால்டி கார்னர் என்பது மூன்று பேர் வேலை. கோலுக்குப் பக்கத்துக் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தை வெளியே தள்ளுவாள். அரைவட்டத்துக்கு வெளியே இன்னொருத்தி மட்டையைத் தரையில் படுக்கவைத்து அதை நிறுத்துவாள். நின்ற பந்தை மூன்றாமவள் கோலுக்குள் அடிப்பாள். தள்ளு, நிறுத்து, அடி. ஆனால் பேப்பரில் யார் பெயர் வரும்? மூன்றாமவள் பெயர் மட்டும்.

எங்கள் அணியில் தள்ளுகிறவள் ஜெனி. நிறுத்துகிறவள் மாரி. எங்கள் மைதானம் செம்மண். லாரிகளை வேறு ஓரமாகத் திருப்பி, அங்கங்கே குழி விழுந்திருக்கும். அந்தத் தரையில் ஜெனி தள்ளினால் பந்து குதிக்காமல் வரும். மாரி மட்டையை வைத்தால் பந்து அங்கேயே செத்துவிடும். அதை கேப்டன் செல்வி ஏதோ அடிப்பாள். சில சமயம் கோலுக்குள் போகும். பல சமயம் பக்கத்துத் தெருவுக்குப் போகும்.

சீசன் தொடங்குவதற்கு முன் கமிட்டி கூடியது. இரண்டு கட்சி.

ஒன்று தலைவர் கட்சி. ‘நல்லா அடிக்கிற ஒருத்தியை வேறு கிளப்பிலிருந்து வாங்க வேண்டும், பதிலுக்கு நம்மிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டும்.’ எங்கள் லீக்கில் பணம் கை மாறாது. ஆளுக்கு ஆள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று கோச் டேனியல் சார் கட்சி. நாசரேத் பக்கத்துக்காரர், பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்சிக்கு ஒரே கொள்கை — பொறுமை. ‘சின்னப் பிள்ளைகளா எடுத்து வளப்போம், மூணு வருஷம் பொறுங்க.’ இதை அவர் மூன்று வருடத்துக்கு மேலாகவே சொல்லி வருகிறார். அந்தச் சின்னப் பிள்ளைகளில் ஒருத்திக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

நான் என்ன சொன்னேன்? அடிக்க ஆள் வேண்டும் என்றுதான் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன். ‘பதிலுக்கு யாரைக் குடுக்கோம் அண்ணாச்சி?’

“அது பொறவு பாத்துக்கிடலாம் தங்கச்சி” என்றார்.

பொறவு எங்கே பார்த்தார்கள் தெரியுமா? ஒரு கல்யாணப் பந்தியில். எங்கள் தலைவரும் ஆத்தூர்ப் பக்கத்து கிளப் ஒன்றின் செயலாளரும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். செயலாளருக்கு வெற்றிலை கமிஷன் மண்டி. அவர் போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார். ரம்யா என்று ஒரு பெண். நீலச் செயற்கைப் புல் தரையில் பந்தை அப்படியே மட்டையால் இழுத்து வீசுகிறாள். பந்து வலையின் மூலையில் போய் உட்காருகிறது. பாயசம் வரும்போது பேச்சை ஆரம்பித்தவர்கள் மோர் வரும்போது முடித்துவிட்டார்கள்.

அண்ணாச்சி பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஒரு குடம் வாங்கினாலும் சுண்டிப் பார்ப்பார், கவிழ்த்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை பார்ப்பார். அவர் ஆளை வாங்கியது போன் வீடியோவைப் பார்த்து. சாப்பிட்ட கையோடு.

மறுநாள் கமிட்டியில் சந்தோஷமாக அறிவித்தார். “எந்தக் காலத்துலயாவது ஜெனி கோல் அடிச்சிருக்காளா? இல்ல. மாரி அடிச்சிருக்காளா? அதுவும் இல்ல. கோல் அடிக்காத ரெண்டு பேரக் குடுத்து, கோல் அடிக்கிற ஒருத்திய வாங்கியாச்சு. பழைய பாத்திரத்துக்குப் புதுப் பாத்திரம்!”

எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

“அண்ணாச்சி, தள்ளுகவளும் நிறுத்துகவளும் போனா பந்து எப்படி வரும்?”

“தள்ளுறது ஒரு வேலையா தங்கச்சி? யாரும் தள்ளலாம்.” கோச் பக்கம் திரும்பினார். “சார், என்ன சொல்லுதிய?”

டேனியல் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “கமிட்டி முடிவு” என்றார்.

அவருக்குக் கோபம். தன்னைக் கேட்காமல் பந்தியில் முடிவு செய்துவிட்டார்களே என்று. நியாயமான கோபம்தான். ஆனால் கோபம் வந்தால் கத்த வேண்டும் இல்லையா? இவருக்குக் கோபம் வந்தால் பொறுமை வந்துவிடும்.

வெளியே வந்து படிக்கட்டில் பிடித்தேன். “சார், உங்களுக்குத் தெரியும்லா? பின்ன ஏன் வாயத் திறக்கல?”

“பொறுமையா இரும்மா. ரெண்டு மேட்ச் தோத்தா அவங்களுக்கே புரியும்.”

இதற்குப் பெயர் பொறுமையா? பொறுமை என்பதும் ஒரு வேலைதான். தினமும் செய்ய வேண்டிய வேலை. சும்மா இருப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது. பத்திரிகையில் போட மாட்டார்கள்.

மாரிக்கு யார் சொன்னது? பிராக்டிஸ் நடந்துகொண்டிருக்கும்போது அண்ணாச்சி மைதானத்துக்குள் நடந்து போய்ச் சொன்னார்.

“மாரி, ஜெனி… ரெண்டு பேரும் இனிமே ஆத்தூர்.”

“எதுக்கு அண்ணாச்சி?” என்றாள் மாரி.

“எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

“நல்லதுன்னா எங்ககிட்ட ஏன் கேக்கல?”

அண்ணாச்சி திரும்பி நடந்துவிட்டார். கடையில் குடம் எதிர்க் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை.

மாரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் என் ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள். ஹார்பர் கேட்டுக்கும் கஸ்டம்ஸுக்கும் டாக்குமென்ட்டோடு ஓடுகிற வேலை. நிரந்தரம் இல்லாத வேலை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் நம்பியிருப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவை. அதற்கு மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட் வேண்டும். மாநில அணிக்குப் போக மாவட்ட அணியில் இடம் வேண்டும். மாவட்டத் தேர்வுக்கு முதல் பிரிவில் ஆடுகிறவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அடுத்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. ஆக, அடுத்த சீசனில் அவள் முதல் பிரிவில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் என்னோடு கன்டெய்னர் நம்பர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவள் அழவில்லை. மறுநாளே கேட்டாள். “மேடம், பிராக்டிஸ் உள்ள அன்னைக்கு மட்டும் கொஞ்சம் முன்னால கெளம்பட்டுமா? ஆத்தூர் வழியா போற திருச்செந்தூர் பஸ்ஸுல கூட்டமா இருக்கும்.”

மைதானத்தில் அவளுக்கு நான் ‘அக்கா’. ஆபீஸில் ‘மேடம்’. இதில் ஒரு நாளும் தவறு செய்ததில்லை. சரி என்றேன்.

சீசன் தொடங்கியது. முதல் மேட்சில் முதல் பெனால்டி கார்னர். ரம்யா அரைவட்டத்துக்கு வெளியே வந்து நின்றாள். அண்ணாச்சி போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். செல்வி தள்ளினாள். பந்து ஒரு குழியில் விழுந்து எழுந்து, நிறுத்த வேண்டியவளின் மட்டையைத் தாண்டி, ரம்யாவைத் தாண்டி, நடுக்கோட்டைத் தாண்டி, எங்கள் கோலைப் பார்க்கப் போனது. எதிரணிப் பெண் ஒருத்தி அதோடு கூடவே ஓடினாள்.

கார்னர் எங்களுக்கு. கோல் அவர்களுக்கு.

அண்ணாச்சி அந்த வீடியோவை அழித்துவிட்டார்.

மேட்ச் முடிந்ததும் ரம்யாவிடம் போனார். “என்னம்மா, வீடியோவுல அவ்வளவு நல்லா அடிச்சியே?”

“வீடியோவுல பந்து வந்துச்சு அண்ணாச்சி” என்றாள் ரம்யா.

அடுத்த மேட்ச்சும் அப்படித்தான். அதற்கடுத்ததும். டேனியல் சார் சொன்னபடி அவர்களுக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? சீசன் பாதி போய்விட்டது.

அண்ணாச்சி என் முன்னால்தான் ஆத்தூருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில். “ரெண்டு பேரும் வேண்டாம் அண்ணாச்சி. அந்த மாரிய மட்டும் திருப்பித் தந்துருங்க.”

அந்தப் பக்கத்திலிருந்து செயலாளர் கேட்டார். “அண்ணாச்சி, உங்க கடையில கல்லாவுக்கு மேல ஒரு போர்டு தொங்குமே… அதுல என்ன எழுதியிருக்கு?”

அண்ணாச்சி ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். நான் சொன்னேன். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.”

“அதாம்” என்றார் செயலாளர்.

ஆனால் உடனே போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, “வேணும்னா ஒண்ணு செய்யுங்க… ரம்யாவத் திருப்பித் தாங்களேன்” என்றார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் அணியில் தள்ளுவதற்கும் நிறுத்துவதற்கும் ஏற்கெனவே ஆள் இருந்தார்களாம். ஜெனியும் மாரியும் போனதும் இப்போது நாலு பேர். பந்து அழகாக வருகிறதாம். அழகாக நிற்கிறதாம். அடிக்க ஒருத்தி இல்லை. அவளைத்தான் எங்களுக்குக் கொடுத்துவிட்டாரே! ‘ஒண்ணு குடுத்தா ரெண்டு வருதே’ என்று பந்தியில் அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லையாம்.

இப்படியாக, லீக்கில் கடைசி இரண்டு இடம் எங்களுக்கும் ஆத்தூருக்கும்.

சரி, மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? அரை மணி நேரம் பேசினார்கள். ‘நீங்க மொதல்ல கேளுங்க’, ‘நீங்கதான மொதல்ல கேட்டிய’ என்று. ஏமாந்தேன் என்று யார் முதலில் சொல்வது? அதில்தான் இடித்தது. இரண்டு பேரும் வியாபாரத்தில் நல்ல பெயர் உள்ளவர்கள். கடைசியில் விசாரிப்புகளோடு போனை வைத்தார்கள். பேத்திக்குக் காது குத்து என்று அழைப்பு வேறு.

இதற்கு நடுவில் வேலை பார்த்தது ஒரே ஒரு ஆள். ரம்யா. வாங்கி வந்த பெண். பிராக்டிஸ் முடிந்து எல்லாரும் பையை எடுக்கும்போது, “தள்ளுறதுக்கு ஒருத்தி, நிறுத்துறதுக்கு ஒருத்தி. யாரு வாரீங்க?” என்று கேட்டாள். இரண்டு பேர் போனார்கள். குழி இல்லாத ஒரு பாதையைத் தேடி, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, இருட்டுகிற வரைக்கும் தள்ளச் சொன்னாள், நிறுத்தச் சொன்னாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். சீசன் முடிவதற்குள் பந்து ஓரளவு வர ஆரம்பித்தது. ஒன்றிரண்டு கோலும் விழுந்தது.

சின்னப் பிள்ளைகளை வளர்ப்போம் என்று வருடக்கணக்காகப் பேசியவர் விசிலோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்றவர் கடையில் இருந்தார்.

கடைசி மேட்ச் எங்களுக்கும் ஆத்தூருக்கும். கணக்குப்படி டிரா ஆனால் நாங்கள் பிழைப்போம், ஆத்தூர் இறங்கும். தோற்றால் நாங்கள் இறங்குவோம்.

எங்கள் அணி தப்பித்தால் மாரி இறங்குகிறாள். மாரி தப்பித்தால் எங்கள் அணி இறங்குகிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தது விதி இல்லை. கல்யாணப் பந்தியின் இரண்டு இலைக்காரர்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது மாரி கேட்டாள். “மேடம், நாளைக்கு யாருக்குக் கை தட்டுவீங்க?”

“என்ன கேள்வி? நான் கமிட்டி மெம்பர்லா.”

“சரி மேடம்” என்றாள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மேட்ச்சைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு அணியும் கோல் அடிக்கத் தெரியாதவை என்பதை நன்றாகக் காட்டின. எங்களுக்குக் கிடைத்த கார்னரில் பந்து வந்தது, நின்றது, ரம்யா அடித்தாள். அதை மறித்தது யார்? எதிரணியிலிருந்து ஓடி வந்த மாரி. முழங்காலில் பட்டது. எழுந்து நொண்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள். ரம்யா ஓடிப்போய், “ஏளா, ரொம்ப அடியா?” என்றாள். “நல்லாத்தான் அடிக்க நீ” என்றாள் மாரி.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கோல் இல்லை. இப்படியே முடிந்தால் நாங்கள் பிழைத்தோம். அப்போது ஆத்தூருக்குப் பெனால்டி கார்னர்.

ஜெனி கோட்டில் போய் நின்றாள். மாரி வெளியே வந்து மட்டையைப் படுக்கவைத்தாள். அவளுக்குப் பின்னால் அடிப்பதற்கு ஒரு உயரமான பெண்.

எங்கள் ஷாமியானாவிலிருந்து அண்ணாச்சி எழுந்து கத்தினார். “அந்த நெட்டச்சியப் பிடிங்க! மாரிய விடு! அவளுக்கு நிறுத்த மட்டும்தான் தெரியும்!”

டேனியல் சாரும் கையால் நெட்டச்சியைத்தான் காட்டினார். சீசன் முழுவதிலும் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

ஜெனி தள்ளினாள். குதிக்காமல் வந்தது. மாரி நிறுத்தினாள். அப்படியே செத்து நின்றது. எங்கள் பெண்கள் அத்தனை பேரும் நெட்டச்சியை நோக்கிப் பாய்ந்தார்கள். அவள் பயந்து நின்றுவிட்டாள்.

மாரி நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் யாரும் இல்லை. பந்தை அரைவட்டத்துக்குள் இழுத்தாள். அடித்தாள்.

அழகான அடியெல்லாம் இல்லை. துவைக்கிற கல்லில் போர்வையை அடிப்பதுபோல ஒரு அடி. ஆனால் எங்கள் கோல்கீப்பர் நெட்டச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவள் பக்கத்தில் போய், கோலுக்குள் இருக்கிற பலகையில் ‘டொப்’பென்று பட்டது.

மைதானத்தில் சத்தமே இல்லை. எங்கள் ஊர்க் கூட்டம், யார் கத்துவார்கள்? அந்த அமைதியில் ஒரு கைத்தட்டல் கேட்டது. யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

இதுதான் காரணம். வருத்தம் தெரிவிப்பதாக இல்லை.

தலைவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. செல்விக்குச் சொல்ல வேண்டும். கேப்டன் அவள். மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வயது வரம்புக்கு அவளுக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், ஆனால் அழுகிறவளிடம் போய் அதையா சொல்வது? பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள். “நீங்க தட்டினது தப்பில்ல அக்கா. இவ்வளவு சத்தமாத் தட்டியிருக்க வேண்டாம்.”

ஒத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மாரி முழங்காலில் கட்டோடு ஆபீஸுக்கு வந்தாள். ஃபைலை எடுத்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

“மேடம்… நீங்க கமிட்டி மெம்பர்லா?”

“வேலையப் பாரு” என்றேன். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. “இத்தன வருஷம் நம்ம டீம்ல இருந்தியே, ஒரு தடவையாவது இப்படி அடிச்சியா நீ?”

“அடிக்கச் சொல்லலியே மேடம். நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்துனேன்.”

கேட் பாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதை டேனியல் சாரிடம் சொன்னேன். அடுத்த சீசன் பொறுமையாகப் பார்ப்போம் என்றார். அண்ணாச்சி கோபத்தை இன்னும் விடவில்லை. ஆனால் நேற்று வாட்ஸ்அப்பில் இன்னொரு வரி வந்திருக்கிறது: ‘மாரியை வாங்க யாரைக் கொடுக்கலாம்? யோசனை தெரிவிக்கவும்.’

யோசனை ஒன்றும் இல்லை. மைதானத்துக்குப் போய், இருக்கிற பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். “ஏளா, உனக்கு வேற என்ன தெரியும்?”

கமிட்டியில் யாரிடமும் இதைக் கேட்கவில்லை. பதில் தெரியும்.